தள்ளிய ஊனப் பென்ஷனும் புது ஸ்கேன் ரிப்போர்ட்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் டிஸபிலிட்டி பென்ஷன் பேச்சு எழுந்தால், கூடவே ஒரு மஞ்சப்பையும் வந்துவிடும். உள்ளே மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஃபிலிம் இருக்கும். "புதுசா ஸ்கேன் எடுத்தாச்சுண்ணே. ரெண்டு இடத்துல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு தெளிவாப் போட்டிருக்கான். இனிமே எப்படி இல்லைன்னு சொல்லுவான்?" சொல்லுவான். பத்து வருசத்துக்கு முன் அந்த ஆபீஸ்காரன் எந்தக் காரணத்தைச் சொல்லிப் பென்ஷனைத் தள்ளினானோ, அதையே தேதி மட்டும் மாற்றி மறுபடி அனுப்புவான். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் தப்புகூட இல்லை. அந்த ஃபிலிம் இன்றைக்கு இருக்கும் முதுகைக் காட்டுகிறது. கேள்வியோ பட்டாளத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆன நாளில் இருந்த முதுகைப் பற்றியது.

ஊனப் பென்ஷன் கேட்பவருக்கு மெடிக்கல் போர்டு இரண்டு விஷயம் முடிவு செய்கிறது. கோளாறு சேவையால் வந்ததா, அல்லது சேவையால் மோசமானதா என்பது ஒன்று. வெளியே போகும் நாளில் அது எத்தனை சதவீதம் என்பது இன்னொன்று. இரண்டுமே கடந்த காலத்தைப் பற்றிய கேள்விகள். ஆகவே புது மருத்துவ ஆதாரம் என்றால், பழைய நாளைப் பற்றி இன்று புதிதாகச் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று. இது பிடிபடாமல் ஸ்கேனுக்கும் கமிஷன் ஏஜெண்டுக்கும் பணத்தைக் கொட்டியவர்கள் நம் பக்கத்தில் நிறைய. "கேஸை ரீ-ஓப்பன் பண்ணித் தர்றேன், அரியர்ஸ்ல இத்தனை பங்கு குடுங்க" என்று வருகிறவர் செய்வது பெரும்பாலும் பழைய மனுவையே புது ஸ்கேனோடு சேர்த்துத் தைப்பதுதான்.

தள்ளிய கடிதத்தை முதலில் படியுங்கள்

நிராகரிப்புக் கடிதம் ஒரு பக்கம்தான் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். அதில் தேட வேண்டியது ஒரே வரி. "சேவையால் வந்ததும் அல்ல, மோசமானதும் அல்ல" என்று இருந்தால், அதாவது எல்லோரும் "நானா" என்று சொல்லும் என்.ஏ.என்.ஏ., சண்டை காரணத்தைப் பற்றியது. "20 சதவீதத்துக்குக் கீழே" என்று இருந்தால் அளவைப் பற்றியது. முதல் வகைக்குச் சதவீதம் கூடியதைக் காட்டும் புது ரிப்போர்ட் ஒரு பைசாவுக்கு உதவாது. இரண்டாம் வகையில் காரணத்தை ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தால், சதவீதத்தை மறுபடி பார்க்கச் சொல்லி ரிவ்யூ மெடிக்கல் போர்டு கேட்கலாம். அங்கே புது ரிப்போர்ட்டுக்கு வேலை உண்டு. இரண்டு காரணமும் சேர்ந்து இருந்தால் இரண்டையும் உடைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டுப் போகிற மனு அந்த ஒன்றிலேயே விழும்.

20 என்ற எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். நூறு சதவீத ஊனத்துக்கு ஊனப் பகுதி, அதாவது பென்ஷனில் ஊனத்துக்கென்று வரும் தொகை, கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000 என்றால் 12,000. 20 சதவீத ஊனத்துக்கு அதில் ஐந்தில் ஒன்று, 2,400. ஆனால் பிராட்-பேண்டிங் என்ற முறையில் 20 முதல் 50க்குள் இருப்பது 50 ஆகிறது, 50 முதல் 75 வரை 75 ஆகிறது, அதற்கு மேல் 100. அப்போது அதே 20 சதவீதக்காரருக்கு 6,000 வரும், அகவிலை நிவாரணம் தனி. இந்தச் சலுகை சேவைக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பரில் உறுதி செய்தது. ஆனால் 19 சதவீதத்தை 20 ஆக உருட்ட முடியாது. ஓய்வு பெற்றவருக்கு 20க்குக் கீழே என்றால் ஊனப் பகுதியே கிடையாது என்று 2019இல் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே அனுப்பும்போது வைக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டின் காகிதங்களில் "15-19" என்று அடிக்கடி கண்ணில் படுவதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நோய் காரணமாகப் பாதியிலேயே அனுப்பப்பட்டவர் நிலை வேறு. டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேறிய காரணம் ராணுவ விதி 13(3), மூன்றாவது வகை, (iii) என்று இருக்கிறதா பாருங்கள். மேற்கொண்டு சேவைக்கு உடல் தகுதி இல்லை என்பது அதன் பொருள். 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில், ஒருவரை இப்படி அனுப்பினாலே ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றுதான் கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். டிஸ்சார்ஜ் புக்கின் அந்த ஒரு வரி சில பேருக்கு ஸ்கேனைவிடப் பெரிய ஆதாரம். பெட்டிக்கு அடியில் கிடக்கிறது, எடுத்துப் பார்த்தவர் குறைவு.

பதினாறாம் நம்பர் ஃபாரம்

புது ஆதாரம் தேடுவதற்கு முன் பழைய ஆதாரம் கையில் இருக்க வேண்டும். மெடிக்கல் போர்டு நடவடிக்கை ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற ஃபாரத்தில் இருக்கும். அதை உங்கள் ரெஜிமெண்டின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் கேட்டு வாங்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி. என்ற மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ. என்ற எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ் பிரிவுக்குச் செகந்தராபாத். தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போடுவதே நேர்வழி. பத்து ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர், அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயரில். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் நகல் ஒன்றை அனுப்பி முடித்துவிடுவார்கள். சேர்க்கையின்போது எடுத்த மெடிக்கல், போர்டு நடவடிக்கை முழுதும், மிலிட்டரி ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்த காலத்துக் கேஸ் ஷீட், உடல் தகுதி குறைவு என்று லோ மெடிக்கல் கேட்டகரி போட்ட ஒவ்வொரு போர்டின் காகிதம், போஸ்டிங் விவரம், அடிபட்டிருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற காயம் பற்றிய அறிக்கை, கோர்ட் ஆஃப் என்கொயரி என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி இடைஞ்சல், இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் புக்கில் இனிஷியல் கடைசியில், பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் அப்பா பெயர் விரிந்து முன்னால் என்று மூன்று பெயரில் ஒரே ஆள் இருப்பார். ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும் எந்தக் கடிதத்திலும் ஆர்மி நம்பரும், டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள எழுத்துப்படி பெயரும் இருக்கட்டும். ஆதார் பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள். பெயர் திருத்தத்தைச் சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் தனி வேலையாக நடத்துங்கள். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தால் இரண்டும் நிற்கும்.

ஃபாரம் வந்ததும் கடைசிப் பக்கத்துச் சதவீதத்துக்கு ஓடாதீர்கள். முன் பகுதியில் எந்த யூனிட்டில், எந்த ஊரில், எந்தத் தேதி வரை என்று ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பீ அல்லது எஃப் என்று ஓர் எழுத்து, பீஸ் அல்லது ஃபீல்டு. நோய் எந்தத் தேதியில் எங்கே தொடங்கியது என்பது இன்னொரு இடத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரத்தக் கொதிப்பு பீஸ் ஸ்டேஷனில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆகவே சேவைக்குத் தொடர்பில்லை என்று தள்ளியிருப்பார்கள். அட்டவணையைப் பார்த்தால் அந்தப் பீஸ் ஸ்டேஷனுக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், அதற்கு முன் இரண்டு வருசம் மலையுச்சியில். மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியே ஃபீல்டு, உயர்மலை, கலவரப் பகுதிப் பணிகளை ரத்தக் கொதிப்புக்குக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அங்கே வேண்டியது அந்த மலைக்காலத்துப் பிரஷர் ரீடிங், சிக் ரிப்போர்ட்டு. இன்றைக்குக் கல்லல் கிளினிக்கில் எடுத்த பிரஷர் எதற்கும் ஆகாது.

அதன் பிறகுதான் முக்கியமான கட்டம். நோயின் பெயர், சேவையால் வந்ததா, சேவையால் மோசமானதா, அதை ஒட்டி விரிவான காரணம் எழுத ஓர் இடம். அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: உடல்வாகு சார்ந்த கோளாறு, சேவைக்குச் சம்பந்தமில்லை. யாரைப் பரிசோதித்தார்கள், எந்த ஏட்டைப் பார்த்தார்கள், ஏன் சம்பந்தமில்லை, எதுவும் இருக்காது. இந்த ஒற்றை வரியைத்தான் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சேரும்போது குறிப்பு எதுவும் இல்லை என்றால் ஆள் நல்ல உடலோடு வந்தார் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்த கோளாறு சேவையால் வந்தது அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு, போர்டு காரணம் எழுதியே ஆக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. அது 1982ஆம் ஆண்டு தகுதி விதிகளை வைத்துச் சொன்னது. 2008இல் ஒரு விதித் தொகுப்பு, 2023 செப்டம்பர் 21 முதல் இன்னொன்று. வாசகம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நீங்கள் வெளியே வந்த தேதிக்கு எது பொருந்துமோ அதைத்தான் காட்ட வேண்டும். 2024இல் ஓய்வு பெற்றவர் 1982 விதியின் 14(பி)யை மனுவில் ஒட்டினால், எதிர்த்தரப்புக்கு வேலை சுலபம்.

புது ரிப்போர்ட்டே காலை வாரும் இடம்

காது விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்ட்டிலரியில் பதினேழு வருசம் பீரங்கிப் பக்கம் நின்ற ஒருவர் நாற்பது வயதுக்குள் வெளியே வருகிறார். காது கேட்பது குறைவு, ஆனால் சேவைக்குத் தொடர்பில்லை என்று போர்டு எழுதிவிட்டது. அறுபத்தைந்து வயதில் ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம், எடுக்கிறார். கேட்கும் திறன் மிக மோசம். இதைவிடப் பலமான ஆதாரம் உண்டா என்று தோன்றும்.

இந்த ஆடியோகிராம் அவருக்கு எதிராகவே போகலாம். சத்தத்தால் கெட்ட காதின் வரைபடத்துக்கு ஓர் உருவம் உண்டு. தாழ்ந்த சுருதியில் ஓரளவு நன்றாக இருந்து, 4000 ஹெர்ட்ஸ் வாக்கில் குழியாக இறங்கி, 8000க்கு வரும்போது மறுபடி கொஞ்சம் மேலே ஏறும். வயதால் கெட்ட காது அப்படி ஏறாது. 8000 வரை சரிந்துகொண்டே போகும். அதோடு சத்தத்தால் வரும் சேதம், சத்தத்தை விட்டு விலகிய பிறகு பொதுவாக வளர்வதில்லை. வெளியே வந்து இருபத்தைந்து வருசம் கழித்துக் கோடு கீழே போயிருக்கிறது என்றால், வளர்ந்த பகுதி வயதுக்கணக்கில் போய்ச் சேரும். அந்த வயதுச் சரிவு பழைய 4000 குழியையும் மூடி மறைத்துவிடும். எவ்வளவுக்கெவ்வளவு மோசமான ரிப்போர்ட்டோ, அவ்வளவுக்கவ்வளவு போர்டுக்கு "இது முதுமை" என்று எழுத வசதி.

அப்படியானால் இங்கே புது ஆதாரம் எது? சேர்ந்தபோது 600 சென்டிமீட்டர் தூரத்தில் மெதுவாகச் சொன்னதைக் கேட்டார் என்ற பழைய பதிவு. நடுவில் ஏதாவது ஒரு வருடாந்திர மெடிக்கலில் அந்த எண் குறைந்திருந்தால் அது. வெளியே வந்த ஓரிரு வருசத்துக்குள் வேறு வேலைக்காக எடுத்த ஆடியோகிராம் இருந்தால் அது தங்கம். பட்டாளத்தை விட்டுப் பாங்க் செக்யூரிட்டி, மில் வாட்ச்மேன் என்று போனவர்களுக்கு அங்கே எடுத்த மெடிக்கல் கிடைக்கலாம். மில் என்றால் இன்னொரு கத்தியும் உண்டு, நூற்பாலைச் சத்தத்தால் போனது என்பார்கள். எந்த வேலை எத்தனை காலம் என்பதைத் தானாகவே எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இன்றைய ஆடியோகிராமில் வயதுக்கான பங்கைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தின் உருவம் பழைய பதிவோடு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு காது மருத்துவர் எழுதினால், அதுதான் கேஸைத் திறக்கும் காகிதம்.

பரிசோதனையைச் சரியாக எடுப்பதும் ஒரு வேலைதான். முதலில் காதுக் குறும்பியை எடுத்துவிட வேண்டும். முந்தின நாள் திருவிழா ஸ்பீக்கர், அறுவை மில் இரண்டும் வேண்டாம். குறைந்தது பதினாலு மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும். ஹியரிங் எய்டு கடையில் இலவசமாக எடுத்துத் தரும் சோதனை போதாது. ஒலி புகாத அறையில், இரண்டு காதுக்கும் தனியாக, காற்று வழி, எலும்பு வழி இரண்டும் எடுத்து, 3000, 4000, 6000, 8000 எல்லாம் குறித்திருக்க வேண்டும். 3000, 6000 இரண்டையும் பல இடங்களில் விட்டுவிடுவார்கள், குழி அங்கேதான் ஒளிந்திருக்கும். வலது தோளில் ரைபிள் வைத்துச் சுட்டவருக்கு இடது காது குழாய்முனைக்கு அருகில் இருக்கும், ஆகவே அது கொஞ்சம் கூடுதலாகக் கெட்டிருப்பது வழக்கம். அந்த வித்தியாசம் வரைபடத்தில் இருந்தால் மருத்துவர் அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

முதுகிலும் இதே பொறிதான். அறுபது வயதில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் தேய்மானம் தெரியும். ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டின் கடைசியில் "வயது சார்ந்த தேய்மான மாற்றங்கள்" என்று ஒரு வரி விழுந்தால், மேல்முறையீட்டுக் குழுவுக்கு அது ஒன்றே போதும். பத்தொன்பது வருசத்துக்கு முன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் கீழ்முதுகில் எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கத்துக்குப் படுத்திருந்த டிஸ்சார்ஜ் ஸ்லிப், அப்போது போட்ட தற்காலிக லோ கேட்டகரி, இன்றும் அதே மட்டத்தில், அதே பக்கத்துக் காலில் நரம்பு அழுத்தம். இந்தச் சங்கிலியை எலும்பு மருத்துவர் எழுத வேண்டும், ரேடியாலஜிஸ்ட் எழுத மாட்டார்.

டாக்டரிடம் என்ன கேட்பது

"பட்டாளத்தில் வேலை பார்த்ததால் வந்திருக்கலாம்" என்று எழுதிக்கொடுக்க எந்த டாக்டரும் தயங்க மாட்டார், அந்த வரிக்கு எடையும் இல்லை. எழுதுபவர் அந்தத் துறை நிபுணராக இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்காரர் என்றால் மதிப்புக் கூடுதல், சிவகங்கையிலோ மதுரையிலோ பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தில் எந்தத் தேதிப் பழைய காகிதங்களைப் படித்தார் என்று ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். போர்டு எழுதிய காரணத்தை எடுத்துச் சொல்லி, அது ஏன் பொருந்தவில்லை என்று உடற்கூறு ரீதியாக விளக்க வேண்டும். வயது, சர்க்கரை, குடும்ப வரலாறு, புகை போன்ற மாற்றுக் காரணங்களைத் தொடாமல் விட்டால் அடுத்த போர்டு அதைத் தொடும். முடிவில் "இருக்கலாம்" என்பதைத் தாண்டி, "மற்றக் காரணங்களைவிட இதற்கே வாய்ப்பு அதிகம்" என்ற அளவுக்கு டாக்டர் மனசாட்சிப்படி போக முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். வற்புறுத்தி வாங்கிய கடிதம் போர்டு முன் நிற்காது. பதிவு எண்ணும் சீலும் விட்டுப்போகக் கூடாது. ஃபாரத்தையும் பழைய ஸ்லிப்புகளையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரு பக்கக் காலவரிசை எழுதிக் கொண்டுபோனால், புறநோயாளி வரிசையில் அவருக்குக் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் படிக்க முடியும்.

தனியார் டாக்டர் கடிதம் போர்டைக் கட்டுப்படுத்தாது. அதன் வேலை இன்னொரு போர்டைக் கூட்ட வைப்பது. 2013இல் வீர்பால் சிங் வழக்கில் மனநோய் காரணமாக அனுப்பப்பட்டவருக்கு உச்ச நீதிமன்றம் தானே பென்ஷன் சதவீதம் போடவில்லை. பழைய போர்டின் கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டது அல்ல என்று சொல்லி ரிவ்யூ மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியது. மனுவிலும் அதைத்தான் கேட்க வேண்டும். "பென்ஷன் தருக" என்பதோடு நிறுத்தாமல், மாற்றாக ரிவ்யூ போர்டு வைக்கவும், அது காரணத்தோடு எழுதவும் உத்தரவிடுக என்று சேருங்கள்.

எங்கே, எப்போது அனுப்புவது

நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அது தள்ளினால் மறுபடி ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் போகும், கட்டணம் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டிப் பல வருசம் ஆனவர்களும் கைவிட வேண்டியதில்லை. பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்று 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அரியர்ஸ் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருசத்துக்கு மட்டுமே. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாத அரியர்ஸைத் தின்னும்.

அதனால் உடனே பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு ஓடலாமா? நான் வேண்டாம் என்பேன். மேல்முறையீடு எத்தனை பலவீனமாக இருந்தாலும் பிறகு சரிசெய்ய இடமிருக்கிறது. தீர்ப்பாயத்தில் பாதி ஆதாரத்தோடு தோற்றால் அந்தக் கதவு ஏறத்தாழ மூடிவிடும். மறுஆய்வு மனுவுக்கு முப்பது நாள்தான், அதிலும் முன்பே முயன்றிருந்தால் கிடைத்திருக்கும் காகிதத்தைப் புது ஆதாரம் என்று ஏற்க மாட்டார்கள். ஆர்.டி.ஐ. பதில், டாக்டர் கடிதம் இரண்டும் கையில் வரும் வரை மூன்று நாலு மாத அரியர்ஸ் போனாலும் பரவாயில்லை.

ரெக்கார்ட் ஆபீஸ் "ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் தரலாம். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஷீட் ரோல் என்ற சேவைப் பதிவேடு இருபத்தைந்து வருசம் கழித்து அழிக்கப்படுவது ராணுவ ஒழுங்குமுறையில் உள்ளது. லாங் ரோல் என்ற சுருக்கப் பதிவு மட்டும் நிரந்தரம், அதன் நகலைக் கேளுங்கள். அழித்த தேதியையும் எந்த உத்தரவின்படி என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போர்டுக் காகிதம் இல்லாமல் போர்டின் முடிவை அரசு எப்படிக் காக்கும் என்று கேட்க அந்தப் பதிலே உதவும்.

கணவர் இறந்துவிட்ட வீடுகளில் ஆச்சிகள் "அவரே போயிட்டாரு, இனி என்ன" என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். ஊனப் பகுதி அவருக்கு உரியதாக இருந்திருந்தால் அவர் இருந்த காலம் வரை வாரிசு கேட்கலாம். சேவையால் வந்ததாக ஏற்கப்படும் நோயாலேயே இறந்திருந்தால் சாதாரணக் குடும்பப் பென்ஷனுக்குப் பதிலாக ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்கலாம், தொகை அதிகம். இதற்கு இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, இறப்பின் காரணத்தைச் சொல்லும் ஆஸ்பத்திரிச் சுருக்கம் வேண்டும். ஆர்.டி.ஐ. மனுவை ஆச்சி தம் பெயரில் போட்டு, பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவின் நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் முதல் கடிதத்திலேயே இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று எழுதித் திருப்பிவிடுவார்கள், ஒரு மாதம் வீண்.